நம்ம குமரி மாவட்டப் பாறையில் புதைபடிவம் கிடைக்குமா?

தக்கலை_ஷீபா
வீட்டு அஸ்திவாரத்துக்குக் கருங்கல் இறக்கியிருக்கிறோம். அதில் பிளந்த ஒரு கல்லின் முகத்தில் கறுப்பாகச் செடி வரைந்தது போல் இருக்கிறது. கிளை, அதிலிருந்து சின்னக் கிளை, அதன் நுனியில் இன்னும் சின்னதாக. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் பார்த்ததும் “அம்மா, இது பாசில்” என்கிறான். கல் கொண்டுவந்தவர் “பாறைக்குள்ள வளர்ந்த செடி, எங்க குவாரியில நிறைய உண்டு” என்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரியா? அப்படியே இன்னொன்று. நம் மாவட்டத்தில் எங்கேயாவது போனால் நிஜப் புதைபடிவத்தைப் பார்க்க முடியுமா? பையன் விடமாட்டேன் என்கிறான்.

மார்த்தாண்டம்_ஜோஸ்
போட்டோ போடுங்க அக்கா. நானும் ஒரு கல்லில் இப்படிப் பார்த்திருக்கிறேன். பத்திரமாக எடுத்து வையுங்கள், விலை போகும்!

சுத்தியல்
விலை எல்லாம் போகாது, ஜோஸ். போட்டோ வராமலே சொல்கிறேன், அது செடி இல்லை. டென்ட்ரைட் என்பார்கள். பாறையில் மெல்லிய வெடிப்பு இருக்கும். மழைநீர் அதற்குள் மெல்ல ஊறும்போது கரைந்த மாங்கனீசையும் இரும்பையும் கொண்டு போகும். அது ஆக்சைடாகப் படியும்போது கிளைகிளையாகத்தான் பரவும். கல்லை உடைப்பவர் சுத்தியலைப் போட்டால் அந்த வெடிப்பு வழியாகத்தான் பிளக்கும், அதனால் படம் அழகாக முகத்திலேயே வந்து நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜ இலையானால் நடு நரம்பு இருக்கும், விளிம்பு இருக்கும், கொஞ்சமாவது தடிமனோ பள்ளமோ தெரியும். டென்ட்ரைட்டுக்கு நரம்பும் கிடையாது, விளிம்பும் கிடையாது, வெறும் மை பூசிய மாதிரி மேலோடு சரி. பையனுக்கு ஒரு சோதனை: மருந்துக்கடையில் காயம் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து, கறுப்பின் மேல் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மாங்கனீசு ஆக்சைடாக இருந்தால் நுரைக்கும். மண் ஒட்டியிருந்தாலும் நுரைக்கும் என்பதால் கழுவுவதில் சோம்பல் வேண்டாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் அஸ்திவாரத்துக்கு இறக்கிய கல்லில் செடி வாழவே வழியில்லை. தக்கலை, நாகர்கோவில் பக்கம் குவாரியில் எடுப்பது பெரும்பாலும் சார்னோகைட். புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியது போல் நீலச்சாம்பல் நிறத்தில் மினுங்கும். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேல் வெந்து உருவான பாறை. அந்த வேக்காடு நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நிலத்தில் செடியே முளைக்காத காலம் அது.

தக்கலை_ஷீபா
ஐயோ, பையன் முகம் வாடிவிட்டது. சரி, அப்படியென்றால் மணலும் சேறும் படிந்து இறுகிய, புதைபடிவம் தங்கும் படிவுப்பாறையே நம் மாவட்டத்தில் கிடையாதா?

சுத்தியல்
உண்டு, ஆனால் வெந்துபோனது. மாவட்டத்தின் வடமேற்கில், திருவனந்தபுரம் எல்லையை ஒட்டி, வெள்ளையும் துருநிறமும் வரிவரியாக ஓடும் பாறை பார்த்திருப்பீர்கள். கோண்டலைட். கார்னெட், சிலிமனைட் என்ற கனிமங்கள் நிறைந்தது. அது ஒரு காலத்தில் களிமண்ணும் மணலும் படிந்த படிவு. ஆழத்துக்குப் போய், மேலே சொன்ன அதே சூட்டில் வெந்து, உருமாறி வந்திருக்கிறது. உள்ளே உயிர்த்தடம் ஏதாவது இருந்திருந்தாலும் உருவம் மிஞ்சியிருக்காது.

ஆனால் கரி மிஞ்சியிருக்கிறது. கோண்டலைட்டில் பென்சில் தூள் மாதிரி பளபளக்கும் கிராஃபைட் செதில்கள் கிடைக்கும். பக்கத்தில் வெள்ளநாட்டில் அதைத் தோண்டி எடுத்ததும் உண்டு. கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம், பார்த்தவர்கள், இந்தப் பாறையில் உள்ள கிராஃபைட்டில் ஒரு பகுதி பழைய உயிர்ப்பொருளிலிருந்து வந்தது என்கிறார்கள். எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. நுண்ணுயிர் அழுகிய சேறு வெந்து பென்சில் கரியானது. எனக்கு இதுதான் நம் மாவட்டத்தின் மிகப் பழைய ‘உயிர்த்தடம்’. பையனிடம் சொல்லிப் பாருங்கள், டைனோசர் இல்லையே என்பான்.

முட்டம்_அலை
சாரே, முட்டத்தில் கலங்கரை விளக்கம் பக்கம் செம்மண் குன்று செங்குத்தாக நிற்கிறதே, அது படிவுப்பாறை இல்லையா? அதில் சிப்பி பார்த்ததாக என் மாமா சொல்வார்.

சுத்தியல்
அது தேரி மணல். காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த மணலில், இரும்பு துருவேறிச் சிவந்தது. கீழே பாறை கருங்கல் இனம்தான். பூமியின் கணக்கில் தேரி நேற்றுப் பிறந்தது. மாமா கண்ட சிப்பி எங்கே கிடந்தது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. மீனவர் குப்பையிலிருந்து வந்த சிப்பியும் குன்றில் கிடக்கும்.

நிஜமாகவே சிப்பியுள்ள பாறை வேண்டுமென்றால் கன்னியாகுமரிக் கடலோரம் போங்கள். கருங்கல்லின் மேல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒட்டுப்போட்டது போல் சிப்பித்தூளும் மணலும் இறுகிய சுண்ணாம்புப் பாறை சில இடங்களில் தெரியும். கடல் மட்டம் ஏறி இறங்கிய சமீப காலத்துப் படிவு. நம் கணக்கில் நெடுங்காலம், பூமியின் கணக்கில் சமீபம். அதிலுள்ள சிப்பிகள் இன்றும் கடலில் வாழும் இனங்களைப் போன்றவைதான். ஆசிட் ஒரு சொட்டு விட்டால் பொங்கும், கருங்கல்லில் விட்டால் பொங்காது. இதைச் செய்ய வேண்டாம், யாராவது போலீசைக் கூப்பிடுவார்கள்.

தென்முனை_ராஜன்
இவ்வளவு சொல்கிறீர்கள், ஒன்றை ஏன் மறைக்கிறீர்கள்? கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் மூழ்கிய நிலம் இருக்கிறது. குமரிக்கண்டம். லெமூரியா என்று வெள்ளைக்காரனே எழுதியிருக்கிறான். அங்கே தோண்டினால் எல்லாப் புதைபடிவமும் கிடைக்கும்.

கொட்டாரம்_டீச்சர்
ராஜன் தம்பி, வெள்ளைக்காரன் எழுதியது உண்மைதான். எழுதியது எதற்காக என்றும் பார்க்க வேண்டும். பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் 1864-ல், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணும் லெமூர் வகை விலங்குகளுக்கு (குரங்கின் தூரத்துச் சொந்தம்) ஒரு விளக்கம் தேடினார். கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கிவிட்டது என்று ஊகித்தார். கண்டங்களே நகர்ந்துதான் பிரிந்தன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. நானும் பள்ளியில் அதைத்தான் படித்தேன், அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தென்முனை_ராஜன்
அப்போ சிலப்பதிகாரத்தில் ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்று வருவது பொய்யா?

சுத்தியல்
பொய் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன். கடல் ஏறி நிலம் கொண்டது நிஜமாகவே நடந்த விஷயம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்காலத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்குக் கீழே 120 மீட்டர் வரை இருந்தது. அப்போது நம் கரைக்கு வெளியே ஆழமற்ற கடல் தரை எல்லாம் வெளியே காய்ந்து கிடந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகியபோது அது மூழ்கியது. அதன் நினைவு பாட்டில் இருக்கிறதா என்பது இலக்கியக்காரர்கள் பேச வேண்டியது.

ஆனால் அது கரையோர நிலம்தான். ஆப்பிரிக்கா வரை போகும் கண்டம் கிடையாது. புதைபடிவக் கதையில் இந்த 20,000 ஆண்டு வெறும் சில்லறை. விவேகானந்தர் பாறையில் நின்று பார்த்தால், அண்டார்டிகாவும் மடகாஸ்கரும் இலங்கையும் நம்மோடு ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் மிச்சத்தில்தான் நிற்கிறோம். மூழ்கிய கண்டத்தைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மட்டுறுத்துநர்
குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். இங்கே பாறை.

மார்த்தாண்டம்_ஜோஸ்
அப்போ டைனோசர் பார்க்க எங்கே போவது என்று நேராகச் சொல்லுங்க சாரே.

சுத்தியல்
ரயில் ஏறு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள், திருச்சி மாவட்டத்தின் வடக்கு. நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில்கள் பல அந்தப் பாறையின் மேல்தான் ஓடுகின்றன. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே எத்தனை முறை கடந்திருப்போம்.

கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது கிழக்குக் கரை நெடுகப் பிளந்து பள்ளங்கள் விழுந்தன. அதில் ஒன்று காவிரிப் படுகை. டெல்டாவில் நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் அதே படுகையின் ஆழத்திலிருந்துதான். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அந்தப் பள்ளத்துக்குள் ஏறி வந்தது. பின் வாங்கியது, மறுபடி ஏறியது. 6 கோடி ஆண்டு வரை இப்படி விட்டுவிட்டு நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு. கீழிருந்து மேலாக உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நினியூர் என்று நான்கு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசி நினியூர், டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது. அதாவது அரியலூரிலிருந்து நினியூருக்கு நடந்தால், அந்த அழிவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறீர்கள்.

நம் பக்கம் ஏன் இது இல்லை? குமரி முனைப் பாறை உயர்ந்தே நின்றது, அரிக்கப்பட்டது. அரித்த மணலையும் சேற்றையும் கடல் வாங்கிக்கொண்டது. பாறை நொறுங்கிய மணல் கொஞ்சம் கரையிலும் மிஞ்சியது. கன்னியாகுமரிக் கடைகளில் கலர் கலராகப் பாக்கெட் மணல் விற்பார்களே, தேவியின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த அரிசி மணலானது என்று கதை சொல்லி? அதில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். எல்லாம் அந்த வெந்த பாறையின் தூள். மணவாளக்குறிச்சியில் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தாரே, அதுவும் இதே தூள்தான். நமக்குக் கனிமம் கிடைத்தது, அவர்களுக்குப் புதைபடிவம் கிடைத்தது.

லோடர்_சுரேஷ்
நான் குளச்சல்காரன். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தில் கொஞ்ச காலம் லோடர் ஓட்டினேன். சார் சொல்வது எல்லாம் நேரில் பார்த்தது. வெடி வைத்துக் கலைத்த முகத்தில் சிப்பி சிப்பியாக, கையகலத்துக்கு மேல், கனமாக, ஒன்றின் மேல் ஒன்று. மண்ணைத் துடைத்தால் உள்பக்கம் இன்னும் பளபளப்பாக இருக்கும். எங்களுக்கு அது வெறும் கிரேடு. சிப்பி அதிகமானால் சுண்ணாம்பு நல்ல தரம், நேராக கிரஷருக்குப் போகும், அங்கிருந்து சூளைக்கு. 1450 டிகிரியில் கிளிங்கர், அதாவது அரைத்துச் சிமென்டாக்கும் கட்டி. ஷீபா அக்கா, நீங்கள் இப்போது அஸ்திவாரத்துக்கு வாங்கும் சிமென்டில் அந்தக் கடல் இருக்க வாய்ப்புண்டு.

ஒரு நாள் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. அம்மோனைட், கணவாய் இனத்தில் அழிந்துபோன ஒன்றின் சுருள் ஓடு, என்று பிறகு தெரிந்தது. கேபினில் சீட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு “இதுக்குத்தான் சம்பளமா” என்று தூக்கி டம்பரில் போட்டார். அதன் அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கொட்டாரம்_டீச்சர்
சுரேஷ், அது கள்ளங்குறிச்சிப் பக்கம்தானே? நாங்கள் ஒரு முறை கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது லாரிகளின் புழுதிதான் ஞாபகம். கோயிலைச் சுற்றி அப்படி ஒரு கடல் புதைந்திருப்பது அப்போது யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் “உலகின் மிகப் பெரிய டைனோசர் அரியலூரில்” என்று வருகிறதே, உண்மையா? பிள்ளைகள் கேட்கும்போது பதில் வேண்டும்.

சுத்தியல்
பாதி உண்மை, டீச்சர். கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1980-களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் பின்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் அதை மாமிசம் தின்னும் வகையாகக் கருதினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. அவ்வளவு நொறுங்கும் மண்ணில், மழையில் நனைந்த எலும்பு, எடுத்துப் பொதியும்போதே சிதைந்தது. வரைபடம் மட்டும் இருந்ததால் இது எலும்புதானா, கல்லான மரமா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளிவந்தபோது அந்தச் சந்தேகம் பெரும்பாலும் அடங்கியது. அளவு மட்டும் இன்றும் கணிப்புதான், நூறு டன்னுக்கு மேல் என்கிறார்கள். ‘மிகப் பெரியது’ என்று பிள்ளைகளிடம் சொல்லலாம், கூடவே ‘ஆனால் எலும்பு கையில் இல்லை’ என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இன்னொன்று, 2020-ல் பெரம்பலூர் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது “டைனோசர் முட்டை” என்று பரவியது. உருண்டையான எதையும் முட்டை என்று நம்புவது நமக்குப் பழக்கம். போய்ப் பார்த்த நிபுணர்கள் அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள்.

மார்த்தாண்டம்_ஜோஸ்
அதெல்லாம் எத்தனை காலமாகத் தெரியும்? சமீபத்தில் கண்டுபிடித்ததா?

சுத்தியல்
பழைய கதை. கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் 1840 வாக்கில் பொறுக்கி அனுப்பியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846-ல் விவரித்தார். பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் அடுக்குகளைப் பிரித்து வரைபடமாக்கி 1862-ல் வெளியிட்டார். பிறகு ஸ்டோலிச்கா என்ற செக் நாட்டுக்காரர் அந்தச் சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாகப் படம் போட்டு எழுதிய தொகுதிகள் 1873 வரை வந்தன. இன்றும் அரியலூர் புதைபடிவத்தைப் பெயர் சொல்ல அவரைத்தான் புரட்டுகிறார்கள். அடுத்த ஆண்டே மத்திய ஆசியாவின் யார்க்கந்துக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார், கல்லறை லேயில் இருக்கிறது. திருச்சி வெயிலில் பொறுக்கிய சிப்பியை எழுதிவிட்டு, இமயக் குளிரில் போனவர்.

தக்கலை_ஷீபா
டீச்சர், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் என் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னதான் பார்க்கலாம்?

லோடர்_சுரேஷ்
மூன்று இடம் பாருங்கள். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம். பெரம்பலூர் மாவட்டம், 18 மீட்டருக்கு மேல் நீளம், படுத்துக் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கிப் புதைந்த மரம், அதனால்தான் கடல் படிவுக்குள் மரம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் பதிவு செய்தது. அடுத்து காரை என்ற ஊர். செம்மஞ்சள் களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், நடுவில் ஜிப்சம் கண்ணாடித் தகடு போல் வெயிலில் மின்னும். அங்கே பெலம்னைட் என்று விரல் நீளக் கூம்புக் கல் கிடைக்கும், கணவாயின் தூரத்துச் சொந்தத்தின் உள்ளோடு. கணவாய் என்றதும் நம்ம பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். கடைசியாக வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம்.

முட்டம்_அலை
அரியலூர் தூரம் என்று நினைப்பவர்களுக்கு: வர்க்கலை நமக்குப் பக்கம். குன்றின் செங்குத்து முகத்திலேயே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும், நடுவில் கரியான மரத்துண்டும் பழுப்பு நிலக்கரியும். இன்னும் மேலே கொல்லம் அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரை, அங்கே மயோசீன் காலச் (ஒன்றிரண்டு கோடி ஆண்டுப் பழைய) சுண்ணாம்பு, கடல் நத்தை, பவளம் எல்லாம். நான் போயிருக்கிறேன், வர்க்கலையில் டீக்கடைகள்தான் கூட்டம், பாறையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுத்தியல்
அருமை. கூடவே அடுக்களைக்கும் ஒரு பார்வை: அலமாரித் தட்டாகப் போட்ட கடப்பாக்கல் படிவுப்பாறைதான். கேம்பிரியனுக்கு முந்திய சுண்ணாம்பு, 54 கோடி ஆண்டுக்கு மேல். தேடிப்பார்த்தாலும் சிப்பி கிடைக்காது, ஓடு கட்டும் விலங்கே அப்போது பரவவில்லை. அதே கடப்பாப் படுகையின் வேறு அடுக்குகளில் நுண்ணுயிர் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் கிடைக்கும்.

கொட்டாரம்_டீச்சர்
ஒரு சங்கடம். பிள்ளைகள் கையில் கிடைத்ததை எல்லாம் பையில் போடுவார்கள். அனுமதிக்கலாமா?

லோடர்_சுரேஷ்
டீச்சர், நான் சொல்வேன், எடுக்கட்டும். அங்கே சுரங்கம் டன் டன்னாக அரைக்கிறது, ஒரு பையன் ஒரு சிப்பி எடுத்தால் என்ன குறைந்தது?

சுத்தியல்
இதில் சுரேஷோடு எனக்கு ஒத்துவரவில்லை. சுரங்கம் அரைப்பது கோபம் வரவேண்டிய விஷயம்தான், அதற்காக காரையும் காலியாக வேண்டுமா? அந்த ஓடையில் ஒரு பெலம்னைட் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. பையில் போட்டுக் கொண்டுவந்தால் அது நாகர்கோவில் அலமாரியில் பெயரில்லாத கல். ஆண்டுதோறும் கல்லூரிப் பேருந்துகள் வந்து பொறுக்கிப் பொறுக்கி, முன்பு கால் வைத்த இடமெல்லாம் கிடைத்தது இப்போது தேடவேண்டியிருக்கிறது. சாத்தனூர் மரம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், அங்கே தொடுவதே கூடாது. சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போகவே கூடாது, வெடி நேரம் இருக்கிறது.

லோடர்_சுரேஷ்
சாரே, நான் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மோனைட்டை நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் அது இன்றைக்கு இருக்கும். டம்பரில் போனதால் அது சுவராகிவிட்டது. எது நல்லது?

சுத்தியல்
சுரங்கத்தில் நீ எடுத்திருந்தால் நல்லதுதான், எந்த அடுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. காரை வேறு, சுரங்கம் வேறு. அரைக்கப்போகிற கல்லுக்கு ஒரு கணக்கு, அப்படியே கிடக்கிற கல்லுக்கு ஒரு கணக்கு.

கொட்டாரம்_டீச்சர்
சரி, போட்டோ மட்டும் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுக்கச் சொல்கிறேன். எந்த மாதம் போகலாம்?

லோடர்_சுரேஷ்
ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். காரைக் களிமண் நனைந்தால் செருப்போடு காலையும் பிடித்துக்கொள்ளும். பொங்கல் கழிந்து போங்கள். மாசிக்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும், அங்கே ஒரு மர நிழல் கிடையாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். ஜிப்சம் தகடு உடைந்தால் விளிம்பு கூர்மை, செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுக்கொண்டு தேதி வையுங்கள்.